ராமநாதபுரத்து அருங்காட்சியகங்களில் கடல் எங்கே?

ராமேஸ்வரம் வருகிறவர்களின் சுற்று பெரும்பாலும் ஒரே மாதிரிதான். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, அரிச்சல்முனை வரை போய்வந்து, திரும்பும்போது பேக்கரும்பில் கலாம் நினைவிடத்தைப் பார்த்துவிட்டுப் பாலம் ஏறிவிடுவார்கள். இந்த வழியை ஒட்டியே இன்னும் சில சின்னக் காட்சியகங்கள் இருக்கின்றன. ராமேஸ்வரம் மசூதித் தெருவில் கலாம் வீட்டு மாடி, மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம், ராமநாதபுரத்தில் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள ராமலிங்க விலாசம், அதே ஊரில் அரசு அருங்காட்சியகம், அப்புறம் நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வந்தால் பள்ளிக்கூட வகுப்பறையில் மேசை போட்டு வைக்கிற கண்காட்சிகள். ஒவ்வொன்றும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடக்கூடியவை.

இவற்றையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இங்கே சேதுபதி அரசர்கள் இருக்கிறார்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமானிய வணிகம் இருக்கிறது, கடல் உயிரினங்கள் இருக்கின்றன, கலாம் இருக்கிறார். ஆனால் தமிழ்நாட்டிலேயே நீளமான கடற்கரை உள்ள இந்த மாவட்டத்தில், வடகடலையும் (பாக் நீரிணை) தென்கடலையும் (மன்னார் வளைகுடா) நம்பிக் கடந்த முந்நூறு வருஷமாக வாழ்ந்தவர்களின் பொருள்கள் மட்டும் ரொம்பக் குறைவு. சங்கு குளித்தவர்கள், வத்தை என்கிற பலகைப் படகு கட்டிய ஆசாரிகள், கடற்பாசி எடுக்கிற பெண்கள், இலங்கைக்குக் கப்பல் ஏறியவர்கள் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியேதான் நிற்கிறார்கள். யாரோ வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒரு பொருள் அருங்காட்சியகத்துக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தால் காரணம் புரிந்துவிடும்.

முதலில் ராமலிங்க விலாசம். போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றியவர் கிழவன் சேதுபதி. கோட்டையும் இந்த அரண்மனையும் அவர் காலத்தவை. உள்ளே சுவர், தூண், வளைவு, மேற்கூரை என்று இடம் விடாமல் நிறைந்திருக்கிற ஓவியங்கள், அவர் 1710இல் இறந்தபின் ஆட்சிக்கு வந்த முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராமாயணம், பாகவதம் ஒருபக்கம். இன்னொரு பக்கம் தஞ்சாவூர் மராட்டியரோடு நடந்த சண்டை, ஐரோப்பியர்கள் அரசரைச் சந்திக்கிற காட்சி, ராஜராஜேஸ்வரி அம்மனிடம் அரசர் செங்கோல் வாங்கும் காட்சி. பல காட்சிகளுக்கு ஓவியர்களே தமிழில் விளக்கம் எழுதிவைத்திருக்கிறார்கள். யார் யாரோடு சண்டை போடுகிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் தூரிகையோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார் இல்லையா, அதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

இந்த இடம் நன்றாக அமைந்ததற்குக் காரணம், ஓவியம் எந்தச் சுவருக்காக வரையப்பட்டதோ அந்தச் சுவரிலேயே இன்னும் இருப்பதுதான். பெயர்த்துக் கொண்டுபோய்ச் சென்னையில் மாட்டியிருந்தால், அரசர் எங்கே உட்கார்ந்தார், வந்தவர் எந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார் என்பதெல்லாம் போயிருக்கும். அரசர்களுக்கு இப்படி ஒரு வசதி உண்டு. அவர்கள் கல்லிலும் சுண்ணாம்பிலும் கட்டினார்கள், செப்பேட்டில் எழுதினார்கள். சேதுபதிகளின் செப்பேடுகளைத் தேடித் தொகுத்து, படித்து, பதிப்பித்த எஸ்.எம்.கமால் போன்ற உள்ளூர் வரலாற்றாசிரியர்களும் கிடைத்தார்கள். செம்பு நின்றது, அதனால் வரலாறும் நின்றது.

சரி, அழகன்குளத்துக்கு வருவோம். வைகை கடலைச் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. தமிழகத் தொல்லியல் துறை 1986-87இல் தொடங்கிப் பல கட்டங்களாக, கடைசியாக 2016-17 வரை, இங்கே தோண்டியிருக்கிறது. வடநாட்டிலிருந்து வந்த கறுப்பு மெருகுப் பானை ஓடுகள், உருளிப் பதிவு உள்ள ஓடுகள், மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடித் துண்டுகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள், கி.பி. 4ஆம் நூற்றாண்டு ரோமானியச் செப்புக் காசுகள் எல்லாம் கிடைத்தன. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கப்பல் கீறிய ஒரு பானை ஓடு. கூரான எதையோ வைத்து ஒருவர் அந்த ஓட்டில் கப்பலைக் கீறியிருக்கிறார். ரோமானியர்களின் பெரிய பாய்மரக் கப்பல் வகையோடு அதை ஒப்பிட்டுச் சொன்ன அறிஞர்கள் உண்டு. பாய்மரமும் கயிறும் எங்கே இருக்கும் என்று தெரிந்த கைதான் அதைக் கீறியிருக்கும். கடற்கரையில் நின்று கப்பல் வருவதையும் போவதையும் தினமும் பார்த்த ஒருவருடைய கை.

ஆனால் கவனியுங்கள், அந்தக் கப்பலின் பலகையோ பாயோ கயிறோ ஒரு துண்டுகூட நம் கையில் இல்லை. கப்பலின் படம் உள்ள பானை ஓடு மட்டுமே மிஞ்சியது. பெரியபட்டினத்திலும் இதே கதைதான். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சீனக் கப்பல்களின் சரக்கு வந்து இறங்கிய துறைமுகம் அது. தோண்டினால் பச்சைமெருகு போட்ட சீனப் பீங்கான் துண்டுகள் வரும். அந்தப் பீங்கானை மரக்கலத்திலிருந்து கரைக்குத் தூக்கி வந்தவர்களின் தோணி வராது. சுட்ட மண், காசு, கல்மணி, பீங்கான் இவைதான் மண்ணுக்குள் தாங்கும். மரம், கயிறு, ஓலை, துணி, தோல் எல்லாம் மக்கிப்போகும். கடல் தொழிலின் கருவிகள் கிட்டத்தட்ட முழுக்க இந்த இரண்டாவது வகை.

மண்ணுக்குள் போகாத பொருளுக்கும் இதே நிலைதான். நாற்பது வருஷம் ஓடிய ஒரு வத்தை என்ன ஆகும்? நல்ல பலகை இன்னொரு படகுக்குப் போகும், இல்லையென்றால் கொல்லைக் கதவாகும், மிச்சம் அடுப்புக்கு. பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்த்துக் காயவைத்துப் பக்குவம் பண்ணுவது வாரக்கணக்கில் நடந்த வேலை. நைலான் வலை வந்ததும் அந்த வேலையும் அதற்கு வைத்திருந்த பெரிய அண்டாவும் தேவையில்லாமல் போயின. ஃபைபர் படகு வந்தபின் பலகைக்குப் பலகை இழைத்துக் கட்டுகிற கணக்கு ஆசாரிமார் சிலரின் தலைக்குள் மட்டும் இருக்கிறது. பயன்பட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பொருளை யாரும் காட்சிக்குக் கேட்பதில்லை. பயன் தீர்ந்ததும் அது விறகு. இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் வந்து “இதை எனக்குக் கொடுங்கள்” என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்கிற ஆள்தான் இல்லை.

சட்டமும் இந்தப் பொருள்களைக் கேட்பதில்லை. இந்தியப் புதையல் சட்டம் 1878இல் வந்தது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வீடு கட்டக் குழி தோண்டும்போது ஒரு செப்புத் திருமேனியோ காசுக் குடமோ வந்தால், அது தாசில்தார், கலெக்டர் வழியாக அருங்காட்சியகம் போய்ச் சேர்வதற்கு ஒரு பாதை போட்டே வைத்திருக்கிறார்கள். 1972இல் வந்த தொல்பொருள் சட்டம் பொதுவாக நூறு வருஷம் கடந்ததைத் தொல்பொருள் என்கிறது, ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து வருஷம். ஐம்பது வருஷம் முந்தைய ஒரு சங்குகுளிகாரரின் இடுப்புப் பை இந்த எந்தக் கணக்கிலும் வராது. அதை யாரும் ஒப்படைக்க வேண்டியதில்லை, பதிவு செய்ய வேண்டியதில்லை, தூக்கிப் போட்டாலும் யாரும் கேட்கப் போவதில்லை. மாவட்ட அருங்காட்சியகங்களுக்குச் சட்டத்தின் வழியாகத் தானாக வருகிற பொருள் சாமி சிலையும் காசும்தான் என்றால், காட்சியிலும் அவைதான் நிறைந்திருக்கும்.

அப்புறம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவானது சரியான முடிவு, எனக்கு அதில் சந்தேகமே கிடையாது. கடல் அட்டையும் பவளப்பாறையும் 2001 முதல் புலிக்கு இணையான பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன, ஆவுளியா என்கிற கடல்பசுவும் அதே பட்டியலில்தான். ஆனால் வரலாற்றைக் காட்சிக்கு வைக்க நினைக்கிறவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற தேவாலயச் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள், கல் என்று நினைத்தது பவளப்பாறையாக இருக்கும். அதன் வரிகளும் துளைகளும் கண்ணுக்குத் தெரியும். இந்தக் கரையில் ஒரு காலத்தில் வீடு கட்டியதும் சுண்ணாம்பு சுட்டதும் அதை வெட்டித்தான். கடல் அட்டையை அவித்துக் காயவைத்து ஏற்றுமதி செய்தது பல குடும்பங்களின் பிழைப்பு. இன்று இவற்றைத் தனியார் யாரும் வைத்திருக்கவோ காட்டவோ முடியாது. அனுமதி உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அவை பாட்டிலுக்குள் உயிரினமாக இருக்கின்றன. அவற்றால் பிழைத்த மக்களைப் பற்றிச் சொல்வது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை இல்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்படித்தான் உயிரினம் ஒரு கட்டடத்துக்கும், அரசர் இன்னொரு கட்டடத்துக்கும் போய், நடுவில் இருந்த மனிதர்களுக்குக் கட்டடமே இல்லாமல் போயிற்று.

சங்கை எடுத்துக்கொண்டால் இது நன்றாகப் புரியும். அருங்காட்சியகத்தில் சங்கு இருந்தால் அட்டையில் ‘சங்கு, டர்பினெல்லா பைரம், மன்னார் வளைகுடா’ என்று எழுதியிருக்கும். தப்பே இல்லை. ஆனால் கீழக்கரையில் சங்கு வியாபாரம் பார்த்த ஒருவர் கையில் அதைக் கொடுத்தால் அவர் முதலில் பார்ப்பது ஜாதிச் சங்கா, பட்டிச் சங்கா என்று. தென்கடலில் கிடைக்கிற ஜாதிச் சங்குக்கு விலை கூடுதல், வடகடல் பக்கம் கிடைக்கிற பட்டி கொஞ்சம் மட்டம். அடுத்து, புழு துளைத்திருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார். அதற்கு அடுத்துதான் அளவு. அரசு சங்கெடுப்பு நடத்திய காலத்தில், வட்டமாக ஓட்டை போட்ட அளவுப் பலகையில் ஒவ்வொரு சங்கையும் விட்டுப் பார்ப்பார்கள். ஓட்டைக்குள் நழுவி விழுந்தால் அது சின்னது, திரும்பக் கடலில் விட வேண்டும். நழுவாமல் நின்றால் கணக்கில் ஏறும். இப்படித் தேர்ந்த சங்கு மூட்டை மூட்டையாக வங்காளத்துக்குப் போகும். அங்கே அதைக் குறுக்காக அறுத்து வளையல் பண்ணுவார்கள், கல்யாணமான வங்காளிப் பெண்களின் கையில் இருக்கிற வெள்ளை வளையல் அதுதான். பாம்பன் பக்கம் ஒருவர் பல பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்த அளவு) ஆழத்தில் மூச்சை அடக்கி எடுத்தது, டாக்காவில் ஒரு பெண்ணின் கையில் தாலிக்குச் சமமாக ஏறியிருக்கிறது.

இதைச் சொல்ல என்ன வேண்டும்? ஒரு ஜாதிச் சங்கு, ஒரு பட்டிச் சங்கு, அந்த அளவுப் பலகை, காலில் கட்டிக்கொண்டு நீந்திய தகடு, இடுப்பில் கட்டுகிற வலைப்பை, பாதி அறுத்த சங்கு ஒன்று, ஒரு வங்காள வளையல். ஒரு மேசை போதும். கடற்கரையில் நடந்த ஒரு பள்ளிக் கண்காட்சியில் கிட்டத்தட்ட இப்படி ஒரு மேசையைப் பார்த்தேன். வளையல் இல்லை, அளவுப் பலகையும் இல்லை. ஆனால் ஒரு பையனின் தாத்தா நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “இத இங்கன வச்சு கட்டுவோம்யா, இல்லேன்னா கால அறுத்துரும்” என்று அந்தத் தகட்டைத் தன் காலிலேயே வைத்துக் காட்டினார். மற்ற மேசைகளைவிட அங்கேதான் கூட்டம். அந்தத் தகடு மறுநாள் அவர் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கும், அவர் சொன்னதை யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. எனக்கு இன்னும் அது உறுத்துகிறது.

வெளியே போன பொருள்களையும் சொல்ல வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. 1885 முதல் அதன் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டன் இந்தக் கடற்பகுதிக்கு வந்து முத்துக்குளிப்பு, சங்கெடுப்பு, கடல் உயிரினங்கள் பற்றியெல்லாம் எழுதியவர். 1920களில் அதே அருங்காட்சியகத்தார் பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அன்று இங்கே வைக்க இடம் கிடையாது, அதனால் சென்னை போனதில் தவறில்லை. ஆனால் நம் கடலின் நூறு வருஷத்துக்கு முந்தைய நிலையைப் பார்க்க நம் பிள்ளைகள் எழும்பூர் போக வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகங்களுக்குள் இரவல் கொடுத்து வாங்குவது உலகமெங்கும் உள்ள நடைமுறைதான், ஆறு மாதத்துக்கு ஒரு சின்னக் கண்காட்சியாக அவற்றில் கொஞ்சம் ராமநாதபுரம் வந்து போனால் என்ன?

ஒருவேளை வந்தாலும் வைக்கிற இடம் சரியாக இருக்க வேண்டும் என்பது அடுத்த பிரச்சினை. கடற்கரை ஊரில் ஒரு பொருளைப் பாதுகாப்பது மதுரையில் பாதுகாப்பது மாதிரி இல்லை. உப்புக்காற்று என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், நடப்பது இதுதான்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும், அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகிவிடும். நம் கரையில் ராத்திரி ஏறி மத்தியானம் இறங்கி, ஒரே நாளில் இது நடந்துவிடும். ஓவியம் உள்ள சுண்ணாம்புப் பூச்சுக்குள் உப்பு ஏறியிருந்தால், அது படிகமாகிற ஒவ்வொரு முறையும் வண்ணத்தை உள்ளிருந்து தள்ளும். செதில் செதிலாகப் பெயர்ந்து விழுவது இதனால்தான். கடலிலிருந்து எடுத்த பானையையோ நங்கூரத்தையோ நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, உப்பு முழுக்க இறங்கும்வரை விடாமல் செய்ய வேண்டும். அவசரப்பட்டுக் காயவைத்தால் ஓடு பொரிந்துவிடும், இரும்பு அடுக்கடுக்காக உரிந்துவிடும்.

சங்குக்கும் சிப்பிக்கும் வேறொரு கண்டம். அழகாக இருக்கிறதே என்று புது ஒட்டுப்பலகை அலமாரியில் பூட்டி வைத்தால், பலகையும் பசையும் விடுகிற அமில ஆவி சிப்பியை மெல்ல அரித்து மேலே வெள்ளை மாவாகப் பூக்கும். பூஞ்சை என்று நினைத்துத் துடைப்பார்கள், மறுபடி பூக்கும். இரும்பு அல்லது கண்ணாடி அலமாரி போதும், கொஞ்சம் காற்றோட்டம் போதும். ஓலைச்சுவடி, பழைய துணி, கையெழுத்துக் காகிதம் இவற்றின்மேல் விழுகிற வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) தாண்டக் கூடாது என்பது பாதுகாப்புத் துறையில் பொதுவாகச் சொல்கிற கணக்கு, அலுவலக டியூப்லைட் வெளிச்சம் அதைப்போல ஆறேழு மடங்கு இருக்கும். இதெல்லாம் கோடிக்கணக்கில் செலவாகிற விஷயம் இல்லை. ஆனால் தெரிந்த ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். சின்ன அருங்காட்சியகங்களில் கட்டடத்துக்குப் பணம் வந்துவிடுகிறது, இந்த ஒருவருக்கான சம்பளம் வருவதில்லை.

கலை என்று வந்தாலும் இதே பாகுபாடு. அரண்மனை ஓவியம் கலை, அதில் யாருக்கும் மறுப்பில்லை. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களையும் இப்போது பலர் போய்ப் பார்க்கிறார்கள். கோயில் மண்டபத்தில் பார்க்கிற அதே போதிகை (தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்குகிற கல்) வேலை, உருவங்கள் மட்டும் இல்லாமல் பூவும் கொடியும் கோலமுமாக இருக்கும். வள்ளல் சீதக்காதியும் கிழவன் சேதுபதியும் நெருங்கியவர்கள் என்பதை ஏட்டில் படிப்பதைவிட, காலையில் ராமலிங்க விலாசத்தையும் மத்தியானம் இந்தத் தூண்களையும் ஒரே நாளில் பார்ப்பது மேல். இரண்டிலும் வேலை செய்த கைகள் ஒரே பட்டறைப் பழக்கத்தில் வந்தவை என்று கண்ணே சொல்லிவிடும். ஆனால் பனையோலையில் கொட்டானும் பெட்டியும் முடைகிற பெண்களின் வேலையும், சிப்பி வைத்து இழைக்கிற ராமேஸ்வரத்துக் கைவேலையும், படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) வண்ணம் போட்டுப் பெயர் எழுதுகிறவரின் கையெழுத்தும் ‘கைவினை’ என்ற பெயரில் வாசல் கடைக்குப் போய்விடுகின்றன. விலைச்சீட்டு உண்டு, முடைந்தவர் பெயர் கிடையாது. ஓலையில் நீலமும் சிவப்பும் ஊட்டி, கட்டம் மாறாமல், மூடி அச்சாகப் பொருந்துகிற மாதிரி முடைந்த ஒரு பெட்டியைக் கண்ணாடிக்குள் வைத்து, பக்கத்தில் முடைந்தவர் பெயரையும் ஊரையும் எழுதினால் அது கலைப்பொருள்தான். என்னைப் பொறுத்தவரை இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மண்டபம் முகாம் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் என்று பாதை வந்தபின், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்களை நிறுத்தி வைத்து, நோய் சோதித்து அனுப்பிய இடம் அது. அதற்கும் முன்னால், 1900களின் தொடக்கத்தில், தோட்டத்தின் அடையாள எண் பொறித்த தகர வில்லையை ஆளுக்கொன்றாகக் கொடுத்து அனுப்புகிற முறை இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரைச் சரியான தோட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த வில்லைதான் சீட்டு. பிறகு 1964இல் சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தம். அதே வருஷம் டிசம்பர் 22 ராத்திரி புயல் தனுஷ்கோடியை அழித்தது, கப்பல்துறை ராமேஸ்வரத்துக்கு வந்தது. அந்த ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட தோட்டக் குடும்பங்கள் கப்பலில் வந்து இறங்கி இதே மண்டபத்து முகாமில் தங்கித்தான் நீலகிரிக்கும் மற்ற ஊர்களுக்கும் பிரிந்து போயின. 1983க்குப் பின் அகதிகளாக வந்தவர்களுக்கும் அதே முகாம். போனவர்கள், திரும்பி வந்தவர்கள், தப்பி வந்தவர்கள் என்று மூன்று தலைமுறைத் தமிழர்களின் கதை ஒரே ஊரின் மண்ணில் நடந்திருக்கிறது. இதைவிடப் பெரிய உள்ளூர் வரலாறு எந்த ஊருக்கு இருக்கிறது? இதன் பொருள்கள் புதையல் இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி, கடவுச்சீட்டு, குடும்ப அட்டை, கப்பல் சீட்டு, கூட்டமாக நின்று எடுத்த ஒரு படம். எல்லாம் வீடுகளில் இருக்கின்றன, பரணில்.

வீடே அருங்காட்சியகமாக முடியும் என்பதற்குக் கலாம் வீடு நல்ல சான்று. குடும்பம் வாழ்ந்த வீட்டின் மாடியில் படங்களும் விருதுகளும் நூல்களும் வைத்திருக்கிறார்கள், கூட்டம் ஓயாமல் ஏறி இறங்குகிறது. எல்லாரும் ஏவுகணையின் மாதிரி உருவத்துக்குப் பக்கத்தில் நின்றுதான் பார்ப்பார்கள். எனக்கு அங்கே போகும்போதெல்லாம் கலாமின் அப்பா ஜைனுலாப்தீன் வைத்திருந்த படகுதான் நினைவுக்கு வரும். ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களை ஏற்றிப் போன படகு அது. ஒரு முஸ்லிம் குடும்பத்தின் படகில் காசியிலிருந்து வந்த யாத்திரிகர்கள் சேதுவுக்குத் தீர்த்தமாடப் போனார்கள் என்பது இந்தக் கடற்கரையின் சாதாரண நாள். அந்தப் படகு எத்தனை அடி, எந்த மரம், எத்தனை பேர் ஏறுவார்கள், பாய் கட்டினார்களா, எந்தக் காற்றில் எவ்வளவு நேரம் ஆகும்? அதே அளவில் ஒரு படகைக் கட்டி நிறுத்தினால் ராக்கெட் பார்க்க வந்த பிள்ளைகள் அதையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

நல்லது நடக்கிற இடமும் உண்டு. திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இந்த மாவட்டத்தில் பலரும் அறிந்த ஒன்று. பிள்ளைகள் கண்மாய்க் கரையிலும் மேட்டிலும் பானை ஓடு பொறுக்குகிறார்கள், கல்வெட்டுப் படியெடுக்கப் பழகுகிறார்கள், ஊர்ப் பெரியவர்களிடம் பேசி எழுதுகிறார்கள். எந்த ஊரில், எந்த மேட்டில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று சீட்டு எழுதி ஒட்டப் பன்னிரண்டு வயதில் பழகிவிட்டால், அந்தப் பிள்ளை பெரியவரானதும் ஒரு பொருளை வெறும் ‘பழசு’ என்று பார்க்காது. எங்கே கிடைத்தது என்று தெரியாத பானை ஓடு ஆய்வுக்கு அனேகமாகப் பயன்படாது. சீட்டோடு இருந்தால் அதே ஓடு ஒரு ஊரின் வயதைச் சொல்லும்.

சீட்டு என்றதும் காட்சியகங்களின் விளக்க அட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் உடனே, காசில்லாமல் சரி செய்யக்கூடியது அது ஒன்றுதான். ‘இரும்பு நங்கூரம். கடலில் கிடைத்தது.’ இப்படி ஓர் அட்டையால் யாருக்கு என்ன பயன்? எந்த ஊர்க் கரையில், யார் வலையில், எந்த வருஷம் சிக்கியது, எத்தனை பேர் தூக்கினார்கள், எவ்வளவு பெரிய கலத்துக்கு இது போதும், உள்ளூரில் இதை என்ன பெயரில் சொல்கிறார்கள் என்று ஐந்தாறு வரி எழுதினால், அதே நங்கூரத்தின் முன் ஆள் இரண்டு நிமிஷம் நிற்பார். வருகிறவர்களில் பெரும்பங்கு வடநாட்டு யாத்திரிகர்கள் என்பதால் இந்தியும் ஆங்கிலமும் இருக்கட்டும், ஆனால் தமிழ் அட்டை அவற்றிலிருந்து மொழிபெயர்த்ததாக இருக்கக் கூடாது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டைக்கோரை என்று பாசி எடுக்கிற பெண்கள் பெயர் வைத்துச் சொல்லும்போது, அட்டையில் ‘கடற்பாசி வகைகள்’ என்று மொத்தமாக எழுதி முடிப்பது, அந்தப் பெண்களுக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகக் காட்சியகத்துக்குத் தெரியும் என்பதைத்தான் காட்டுகிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் அறுபடாமல் எந்தப் பாசியை எந்த மாதம் எடுப்பது, எதை விட்டு வைத்தால் மறுபடி துளிர்க்கும் என்று அவர்கள் சொல்வதை அப்படியே அட்டையில் போடலாம், பெயரோடு போட அவர்கள் சம்மதித்தால் பெயரோடு.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் ராமநாதபுரத்தில் 21 கோடி ரூபாயில் ‘நாவாய்’ அருங்காட்சியகம் அமைக்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. பாண்டியர்களின் கடல் வணிகச் சிறப்பைச் சொல்லும் இடம் என்றார்கள். 2023 மார்ச்சில் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்தவர்களுக்கு, அரசு மனசு வைத்தால் தமிழ்நாட்டின் ஒரு சின்ன ஊரில் எவ்வளவு நன்றாக ஒரு காட்சியகம் அமைக்க முடியும் என்று தெரியும். ஆகவே எனக்கு நிஜமாகவே எதிர்பார்ப்பு இருக்கிறது. அழகன்குளத்துக் கப்பல் ஓடு நடுக்கூடத்தில் இருக்க வேண்டும், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நாவாய் ரோமில் தொடங்கிச் சீனத்தோடு முடிந்துவிடக் கூடாது. கீழக்கரையின் தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்களான மரக்காயர்களின் கப்பல்கள், சங்கு மூட்டைகள், இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய போட் மெயில் ரயில், ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னார் போய்வந்த ‘ராமானுஜம்’ கப்பல், பாம்பன் வத்தை, இன்றைக்கும் அதிகாலையில் பாசிக்குப் போகிற பெண்கள் வரை அது வர வேண்டும்.

கட்டடம் எழுந்து, ஆள் போட்டு, அப்புறம் பொருள் சேகரிக்கலாம் என்று காத்திருந்தால் கொடுக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள். பலகை வத்தை கட்டத் தெரிந்த ஆசாரிகளில் வேலை செய்யக்கூடிய உடம்போடு இருப்பவர்கள் இப்போதே குறைவு. ஒருவரிடம் ஒரு முழுப் படகைக் கட்டக் கொடுத்து, ஏராவில் (படகின் அடிக்கட்டையில்) தொடங்கிக் கடைசிப் பலகை வரை நாள் தவறாமல் படம்பிடித்து, அவர் சொல்கிற ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் எழுதி வாங்குவதற்கு 21 கோடியில் ஒரு மிகச் சிறிய துளி போதும். அந்தப் படகே பின்னால் கூடத்தில் நிற்கும். மண்டபம், வேதாளை, பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி, ஏர்வாடி என்று ஊருக்கு ஒரு நாள் போய் உட்கார்ந்து, பரணில் உள்ளதை இறக்கச் சொல்லிப் படம் எடுத்து, யாருடையது, எப்போது, எதற்கு என்று மூன்று கேள்வி கேட்டு எழுதிவிட்டு, பொருளை அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். தொல்லியல் துறையோ அருங்காட்சியகத் துறையோ அந்தந்த ஊர்ப் பள்ளிகளின் தொன்மை மன்றங்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டால் அடுத்த நவம்பருக்குள் பாதிக் கரையை முடித்துவிடலாம். முதலில் சங்கு குளித்தவர்களிடம் போகட்டும், அவர்களுக்குத்தான் வயது கூடுதல்.